கால்மிதியில் நிற்கும் சப்பாத்து

மார்கழி மழை ஓய்ந்த ஒரு காலையில், விறாந்தையில் காயப்போட்டிருந்த என் சப்பாத்துச் சோடியைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தேன். நடப்பவரின் சப்பாத்து பெரும்பாலும் குதியின் வெளியோரத்தில் தேயும். என்னுடையதில் குதி ஓரளவே தேய்ந்திருந்தது. ஆனால் பெருவிரலின் அடிமூட்டு பதியும் இடத்தில், பாதத்திற்குக் குறுக்காக இரண்டு விரற்கடை அகலத்திற்கு, இறப்பர் அரிந்து குழிந்து, இரும்புப் பற்களின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. மோட்டார் சைக்கிளின் இருக்கையில் அமராமல், கால்மிதியின் மேல் மணிக்கணக்காக நிற்கும் ஒருவரின் சப்பாத்து மட்டுமே இப்படித் தேயும். இந்தத் தேய்வு எதைச் சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்வதற்கு முன்பே நான் மூன்று சோடிகளுக்குப் பணம் கொடுத்திருந்தேன். நான்காவது சோடியைத் தெரிவுசெய்தபோது கற்றவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். ட்ரயல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் விளையாட்டுக்குரிய சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, காலில் போட்டுப் பார்த்து வாங்கக்கூடிய கடை எதையும் யாழ்ப்பாணத்தில் நான் கண்டதில்லை. ஆகவே இங்கிருந்து வாங்குபவர் என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே தெளிவாக அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

ட்ரயல்ஸ் ஒரு வேகப் போட்டி அன்று. பாறை, மரக்கட்டை, ஓடை, செங்குத்துக் கரை ஆகியவற்றினூடாக நாடா கட்டிக் குறிக்கப்பட்ட ஒரு குறுகிய பாதையைக் காலை நிலத்தில் ஊன்றாமல் கடப்பதே அதன் முழு நோக்கம். ஒரு தடவை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3, விழுந்தாலோ பாதையை முடிக்க முடியாமற் போனாலோ 5. இவை தண்டப் புள்ளிகள் என்பதால், குறைவாகப் பெற்றவரே வெல்கிறார். ஸ்கொட்லாந்தில் 1909 இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஆறு நாள் ட்ரயலில் ஓட்டுநர்கள் நாளொன்றுக்கு இப்படி நாடா கட்டிக் குறித்த 30 பகுதிகளைக் கடக்கிறார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குச் சேற்றிலும் கற்பாதையிலும் நெடுந்தூரம் ஓட வேண்டும். 1975 முதல் உலகப் பட்டப் போட்டியும் நடக்கிறது. 2004 இல் ஜப்பானின் தகஹிசா புஜினாமி அந்தப் பட்டத்தை வென்றார். 2007 இலிருந்து ஸ்பெயினின் டோனி போவ் பட்டங்களைக் குவித்து வருகிறார். சப்பாத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர்களைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ட்ரயல்ஸ் ஓட்டுநர் ஒவ்வொரு பகுதியையும் ஓட்டுவதற்கு முன் நடந்து பார்க்கிறார். எந்தக் கல் அசையும், எங்கே பாசி பிடித்திருக்கிறது, முன் சில்லை எந்த விளிம்பில் வைக்க வேண்டும் என்று ஏறி இறங்கிப் பார்த்த பிறகே எஞ்சினை உதைத்து இயக்குகிறார். நாள் முடிவில் அவர் ஓட்டிய நேரத்தையும் கல்லின் மேல் நடந்த நேரத்தையும் கணக்கிட்டால், நடந்த நேரம் சிறியதாக இருக்காது.

மலை ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில் இதற்கு இடம் எங்கே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மலை இல்லை, சுண்ணாம்புக்கல் உண்டு. வலிகாமம் வடக்கில் கல் அகழ்ந்து கைவிடப்பட்ட பள்ளங்கள் பல உள்ளன. அவற்றில் ஒன்றில், காணி உரிமையாளரின் அனுமதியோடு, நண்பர்கள் மூவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுகிறோம். போர் நடந்த மண் இது. வெடிபொருள் அகற்றி விடுவிக்கப்பட்ட நிலம் என்று உறுதியாகத் தெரிந்த காணிக்கு வெளியே நாங்கள் சில்லு வைப்பதில்லை, புதிதாக வருபவரிடம் முதலில் சொல்வதும் அதைத்தான். என்னிடமிருப்பது வீதியிலும் மண்பாதையிலும் ஓடும் பழைய ஜப்பானிய டிரெயில் வகை மோட்டார் சைக்கிள். அதன் முன் பல்லுச்சில்லைச் சிறிதாக்கி, பின்னதைப் பெரிதாக்கி, நடைவேகத்தில் இழுக்கும்படி செய்திருக்கிறேன். உண்மையான ட்ரயல்ஸ் வண்டி 70 கிலோ அளவில் இருக்கும், என்னுடையது அதைவிட ஏறக்குறைய 40 கிலோ கூட. அந்த மேலதிகப் பாரம் முழுவதையும் கால்களே சமாளிக்க வேண்டும்.

முதற் சோடி, கட்டட வேலைக்காரர் அணியும் பாதுகாப்புச் சப்பாத்து. விரல்களுக்கு மேல் உருக்குக் கவசம் இருந்ததால் அது போதும் என்று நினைத்தேன். அந்தக் கவசத்தின் உயரமே முதற் தடையாயிற்று, கியர் நெம்புக்குக் கீழே விரல்கள் நுழையவில்லை. அதைவிடப் பெரிய குறை கணுக்காலில் இருந்தது. சப்பாத்தின் விளிம்பு கணு எலும்புக்குச் சற்று மேலே முடிந்துவிட்டது. ஒரு நாள் வண்டி இடப்பக்கம் சரிந்தபோது, எஞ்சினின் இடப்பக்க மூடிக்கும் கல்லுக்கும் இடையில் என் கால் அகப்பட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் நொண்டினேன்.

அதன் பிறகு எதிர்த் திசையில் வெகுதூரம் போய்விட்டேன். கொழும்பில் ஒருவர் விற்ற பாவித்த மோட்டோகுரொஸ் சப்பாத்தை வாங்கினேன். முழங்காலுக்குக் கீழே வரை கடின பிளாஸ்ரிக் ஓடு, கணுக்காலில் உலோகக் கீல், நான்கு கொக்கிகள். சோடியை வீட்டுத் தராசில் வைத்தபோது 4 கிலோவுக்கு மேல் காட்டியது. மோட்டோகுரொஸ் ஓட்டுநருக்கு அந்த ஓடு தேவை. அவர் வேகமாகப் போகிறார், வளைவில் காலை நீட்டி நிலத்தில் வழுக்க விடுகிறார், உயரப் பாய்ந்து இறங்குகிறார். அவருடைய சப்பாத்தின் அடி மட்டமாகவும் வழவழப்பாகவும் செய்யப்பட்டிருப்பதும் அந்த வழுக்கலுக்காகவே. எனக்கோ அந்த வழுவழுப்பு ஈரக் கல்லில் நடக்கும்போது பெரிய ஆபத்தாயிற்று. பள்ளத்தின் சுவரில் ஏறிப் பாதையைப் பார்க்க முயன்ற ஒவ்வொரு தடவையும் கையை ஊன்றியே ஏறினேன்.

ஓட்டும்போது நேர்ந்த குறை இன்னும் நுட்பமானது. ட்ரயல்ஸில் பின் பிறேக்கை முழுதாக மிதிக்கும் சந்தர்ப்பம் குறைவு. ஒரு படியிலிருந்து இறங்கும்போதும் ஒடுங்கிய இடத்தில் திரும்பும்போதும், பெருவிரலால் ஒரு பழத்தை நசுக்காமல் அழுத்துவதுபோல அதை அழுத்தி, சில்லு பூட்டப்படும் தறுவாயில் நிறுத்திவைக்க வேண்டும். ஓட்டுக்குள் இருந்த என் விரலுக்கு நெம்பு தொட்டதா இல்லையா என்பதே தெரியவில்லை. கணுக்கால் ஓரளவுக்கு மேல் மடங்க மறுத்ததால், விரலை இறக்குவதற்கு முழங்காலையே அசைக்க வேண்டியிருந்தது. முழங்கால் அசைந்தால் உடல் அசையும், உடல் அசைந்தால் சமநிலை போகும். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த நண்பர், "பின்சில்லு பூட்டுப்படுது மச்சான், காலை மெல்ல வை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மெல்லத்தான் வைத்தேன், அந்த மென்மை நெம்பு வரை போய்ச் சேரவில்லை. நல்ல பொருள் ஒன்று தன் வேலைக்குப் பொருந்தாத இடத்தில் எவ்வளவு இடைஞ்சலாகும் என்பதை அந்த ஆறு மாதத்தில் கண்டேன். அதை எண்டுரோ என்னும் நெடுந்தூரக் கரடுமுரடுப் பாதை ஓட்டத்தில் ஈடுபடும் ஒருவருக்குக் கொடுத்தேன், அவர் இன்றும் மகிழ்ச்சியோடு பாவிக்கிறார்.

ட்ரயல்ஸ் சப்பாத்தின் இயல்பை எனக்கு விளக்கியது அதன் பிறப்பிடம். வட இத்தாலியில், மொன்டெபெலுனாவைச் சுற்றியுள்ள ஊர்கள் மலையேறுவோருக்கும் பனிச்சறுக்குவோருக்கும் சப்பாத்து தைத்துப் பெயர்பெற்றவை. சிடி 1960 இலும், கார்னே 1962 இலும், அல்பைன்ஸ்ரார்ஸ் 1963 இலும் அந்தப் பகுதியிலேயே தோன்றின. மலைப்பாறைகளில் பூக்கும் எடல்வைஸ் மலருக்கு இத்தாலியர் வழங்கும் 'ஆல்ப்ஸ் நட்சத்திரம்' என்ற பெயரையே மூன்றாவது நிறுவனம் சூட்டிக்கொண்டது. பிற்காலத்தில் இவர்கள் பந்தயச் சப்பாத்துகளில் பிளாஸ்ரிக்கையும் கீலையும் புகுத்தினாலும், ட்ரயல்ஸ் சப்பாத்து மட்டும் மலையேறியின் தோற் சப்பாத்துக்கு நெருங்கிய உறவாகவே நின்றுவிட்டது. மடங்கும் கணுக்கால், மெல்லிய முன்பகுதி, பிடிப்புள்ள மென்மையான இறப்பர் அடி, எண்ணெய் ஊட்டிய தடித்த தோல் ஆகிய அதன் குணங்களெல்லாம் கல்லில் நடப்பவருக்குப் பொருந்தியவை. அவற்றுக்கு மேல், கெண்டைக்காலைத் தழுவும் உயரமும், முன்னெலும்புக்கு ஒரு தகடும், கணு எலும்பின் இருபுறமும் மெத்தையும், கொக்கிகளும் சேர்ந்திருக்கின்றன.

இதை விளங்கிக்கொண்ட மகிழ்ச்சியில் மூன்றாவது சோடியை அவசரப்பட்டு வாங்கினேன். அதில் கற்ற பாடம் வெப்பமும் ஈரமும் உள்ள எங்கள் ஊருக்கு மிக முக்கியமானது. ஒரு விற்பனையாளரிடம் பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த, ஒரு தடவைகூட அணியாத ட்ரயல்ஸ் சப்பாத்து அது. தோல் பளபளத்தது, கொக்கிகள் இறுக்கமாக இருந்தன, விலையும் குறைவு. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தின் நடுவில், வலது சப்பாத்தின் அடி குதியிலிருந்து கழன்று நாக்குப்போலத் தொங்கியது. கழன்ற இடத்தைக் கையால் தொட்டபோது, இறப்பருக்கும் தோலுக்கும் இடையிலிருந்த மெத்தைப் படை ஈரப் புட்டைப் போல உதிர்ந்தது. வீட்டுக்குப் போவதற்குள் இடதும் அப்படியே ஆயிற்று.

அந்த இடைப்படை பொலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. பாரம் குறைவு, அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரப்பதன் அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். சூடு கூடினால் அது இன்னும் விரைவாக நடக்கும். சப்பாத்தை அணிந்தாலும் அணியாவிட்டாலும், பெட்டிக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் இந்த அறுபடல் நிற்பதில்லை. ஐரோப்பாவின் குளிரில் நெடுங்காலம் நிற்கக்கூடியது, கடற்காற்று வீசும் யாழ்ப்பாணத்து அறையொன்றில் அதைவிட முன்னதாகவே கெட்டுவிடும். ஆகவே பழைய இருப்பை மலிவாக வாங்குபவர் தோலைப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. எப்போது செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். அடியையும் தோலையும் இணைக்கும் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்த வேண்டும். நகம் பதிந்த இடம் மீண்டெழாவிட்டால், பிசுபிசுத்தால், மயிரிழை அளவு வெடிப்புத் தெரிந்தால் விட்டுவிட வேண்டும். இயலுமானால், அடி முழுவதும் இறப்பராகவும் தோலோடு தைக்கப்பட்டதாகவும் உள்ள சப்பாத்தைத் தெரிவுசெய்வது எங்கள் காலநிலைக்கு நல்லது. தையல் இருந்தால் பிரித்துப் புதிதாகத் தைக்கலாம். ஒட்டு மட்டும் இருந்தால், அந்த ஒட்டு விட்ட நாளே பெரும்பாலும் அதன் கடைசி நாளாகிவிடும்.

நான்காவது சோடியை இங்கிலாந்தில் வசிக்கும் பெரியம்மாவின் மகன் வாங்கி, ஊருக்கு வந்தபோது பயணப் பெட்டியில் கொண்டுவந்தார். காலைக் கடைக்குக் கொண்டுபோக முடியாதபோது காலின் அளவையாவது சரியாக அனுப்ப வேண்டும். பாதம் பகலில் சற்று வீங்கும் என்பதால், மாலை 5 மணிக்கு, ஓட்டும்போது அணியும் அதே தடித்த சொக்ஸோடு, சுவரில் குதியை ஒட்டிவைத்துத் தாளில் நின்றேன். இரு கால்களிலும் பாரம் சமமாக இருக்க, இன்னொருவர் பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றி வரைந்தார். நானே குனிந்து வரைந்த முந்திய தாளில் பாதம் 4 மில்லிமீற்றர் சிறிதாக வந்திருந்தது. வலது கால் 26.4 சென்ரிமீற்றர், இடது 26.1. பெரிய காலுக்கே வாங்க வேண்டும். முன்பாதத்தின் அகலம், கெண்டைக்காலின் அதிதடித்த இடத்துச் சுற்றளவு, அந்த இடம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற மூன்றையும் சேர்த்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீளம் பொருந்தியும் மேற்கொக்கி கெண்டைக்காலில் பூட்டாமல் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் 6.67 மில்லிமீற்றர், நாம் பழகிய பிரித்தானிய அளவில் 8.47. ஒன்றிலிருந்து மற்றதற்கு அட்டவணையைப் பார்த்து மாற்றும்போது பாதி எண் அங்கோ இங்கோ போய்விடுவது இதனால்தான். அண்ணா கடையிலிருந்தே அழைத்தார். "தம்பி, 42 உம் இருக்கு, 43 உம் இருக்கு. நடக்கேக்க குதி எழும்பக்கூடாது எண்டு கடைக்காரர் சொல்லுறார். உன்ரை தாளை உள்ளுக்கு வச்சுப் பாக்கட்டோ?" என்றார். வரைந்த தாளை வெட்டி, சப்பாத்தின் உள்மெத்தையை வெளியே எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். 42 இன் மெத்தையில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைய இடம் இருந்தது, 43 இல் ஒன்றரைக்கு மேல். நடைச் சப்பாத்துக்கு அந்தப் பெரிய இடைவெளி தீங்கில்லை என்று சொல்வார்கள். கால்மிதியில் நிற்பவருக்கு அது சரிவராது, ஏனெனில் விரல் முடியும் இடத்திற்கும் சப்பாத்து முடியும் இடத்திற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் கியர் நெம்பின் கீழே தடுமாற்றமாக வெளிப்படும். 42 ஐ எடுக்கச் சொன்னேன்.

இணையத்தில் வாங்கினாலும் சரி, உறவினர் மூலம் பெற்றாலும் சரி, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பழைய கால்மிதி இரண்டை ஒரு கனமான பலகையில் பூட்டி வைத்திருக்கிறேன். கால்மிதி கிடைக்காதவர் படிக்கட்டின் ஓரத்தில் நிற்கலாம். புதுச் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டு, முன்பாதத்தை அதன் மேல் வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாச் சப்பாத்தும் வசதியாகவே தோன்றும். பத்தாவது நிமிடத்தில், இரும்பின் விளிம்பு உள்ளங்காலில் ஒரு கோடாக உணரப்பட்டால் அடி அளவுக்கு மீறி மெல்லியது, அல்லது உள்ளே இருக்க வேண்டிய தாங்கு தகடு வலுவற்றது. ஒன்றுமே உணரப்படாவிட்டால் அது அளவுக்கு மீறி விறைப்பானது, ஏனெனில் கால்மிதி எங்கே இருக்கிறது என்பது பாதத்திற்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். பின்பு அப்படியே நின்றுகொண்டு முழங்காலை முன்னால் தள்ளிக் கணுக்காலை மடிக்க வேண்டும். முன்பக்கத் தோல் ஒரே இடத்தில் கூர்மையாக மடிந்து கணுக்காலின் மேற்புறத்தைக் கடித்தால், அந்தக் கடி பழகப் பழகப் போய்விடும் என்று நம்பக் கூடாது. தோல் பழகும், மடிப்பின் இடம் மாறாது. புதுத் தோலின் பொதுவான விறைப்பு வேறு, அது நான்கைந்து ஓட்டங்களில் தளர்ந்துவிடும்.

அடியைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், சப்பாத்தின் பலனில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. கால்மிதியின் பற்கள் கடித்துப் பிடிக்க இறப்பர் மென்மையாக இருக்க வேண்டும். அதே மென்மை அதை விரைவாகத் தின்னவும் செய்யும். கடின இறப்பர் நெடுநாள் நிற்கும், ஆனால் ஈரத்தில் இரும்பின் மேல் வழுக்கும். ட்ரயல்ஸில் கால் வழுக்கினால் முன்னெலும்பு நேரே அந்தப் பற்களில் போய் மோதும். ஆகவே மென்மையை எடுத்துக்கொண்டு, தேய்ந்தால் மாற்றுவோம் என்று முன்பே தீர்மானிப்பதுதான் சரியென்பது என் முடிவு. அடியில் புடைத்து நிற்கும் இறப்பர்க் கட்டைகளின் அமைப்பையும் பார்க்க வேண்டும். கட்டை பெரிதாகவும் இடைவெளி ஆழமாகவும் இருந்தால் கால்மிதி இடைவெளியில் சிக்கிக்கொள்ளும், திருப்பத்தில் காலை அரை அங்குலம் நகர்த்த வேண்டிய கணத்தில் அது நகராது. சிறிய கட்டைகள் நெருக்கமாக அமைந்த அடியே எனக்கு ஒத்துவந்தது. எங்கள் சுண்ணாம்புக்கல்லோ இருவேறு குணம் கொண்டது. காய்ந்தால் மழை அரித்த விளிம்புகள் கத்திபோல் நின்று இறப்பரைச் சீவும். நனைந்தால் பாசி படர்ந்து கண்ணாடியாகும். இரண்டையும் முழுதாகச் சமாளிக்கும் அடி எதையும் நான் காணவில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். ஐரோப்பாவில் விற்கும் மோட்டார் சைக்கிள் சப்பாத்துகளுக்கு ஈ.என். 13634 என்ற தரநிலை உண்டு. உட்புறச் சீட்டில் ஓட்டுநரின் உருவத்துக்குக் கீழே நான்கு எண்கள் இருக்கும். முதலாவது உயரம், இரண்டாவது உராய்வைத் தாங்கும் திறன், மூன்றாவது வெட்டைத் தாங்கும் திறன், நான்காவது பக்கவாட்டு நசுங்கலைத் தாங்கும் திறன். ஒவ்வொன்றும் 1 அல்லது 2, அதில் 2 உயர்ந்தது. மெதுவாக ஓட்டி, வண்டியின் அடியில் கால் அகப்படும் வாய்ப்புள்ள எங்களுக்கு நான்காவது எண்ணே முதலில் பார்க்க வேண்டியது. நீளமான காற்சட்டையும், சப்பாத்துக்கு மேலே முழங்காற் கவசமும் இதனோடு சேர்ந்தே கணக்கில் வரும். பள்ளத்தின் ஓரம் முழுவதும் பனை வடலி என்பதால், இங்கே வெட்டைப் பற்றியும் நினைக்க வேண்டியிருக்கிறது. காய்ந்த மட்டையின் கருக்கு துணிப்பகுதி கலந்த சப்பாத்தை வாள்போல அறுத்துவிடும். முழுத்தோலில் அது ஒரு கீறலோடு போய்விடும்.

நீர்புகாத உட்படை உள்ளதை வாங்குவதா என்று அண்ணா கேட்டபோது, வேண்டாம் என்றேன். உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும்போதுதான் அந்தப் படையினூடாக வியர்வை ஆவியாக வெளியேறும். சித்திரை வெயிலில் 33 பாகையும் கடற்காற்றின் ஈரமும் வெளியே காத்திருக்கும்போது, அந்த வேறுபாடு மிகச் சிறியதாகிவிடுகிறது. மாரியிலோ, பள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அது மேல்விளிம்பால் உள்ளே போனால், வெளியிலிருந்து நீரைத் தடுத்த அதே படை உள்ளிருக்கும் நீரையும் வெளியேற விடாது. ஒரு தடவை நனைந்த அப்படியான சப்பாத்து காய நான்கு நாள் எடுத்ததை நண்பரிடம் பார்த்திருக்கிறேன். அவருக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் வந்தது. வெறும் தோல் அடுத்த நாள் மாலைக்குள் காய்ந்துவிடும். ஸ்கொட்லாந்தின் குளிர்ந்த ஓடைகளுக்கு அந்தப் படை எவ்வளவு பொருத்தமோ, இங்கே அவ்வளவு பொருத்தமில்லை.

காயவைக்கும் முறையில் தோலின் ஆயுள் இருக்கிறது. வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி மடிப்பில் வெடிக்கும், அடுப்பங்கரையில் வைத்தால் இன்னும் கெதியாக வெடிக்கும். உள்மெத்தையை வெளியே எடுத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வைத்து, தாள் நனைய நனைய மாற்ற வேண்டும். தரவைப் பக்கம் ஓட்டிய நாளில் உப்புச் சேறு தையல்களுக்குள் போய்விடும். அது காய்வதற்கு முன்னரே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால், கொக்கியின் இரும்புத் திருகுகள் ஒரு மாரிக்குள் துருப்பிடிக்கும். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு கூடியது, காய்ந்ததும் தோலில் வெள்ளைப் படிவை விடும். பீலியில் பிடித்த மழைநீர் கிடைத்தால் அதுவே சிறந்தது. முதல் ஆண்டில் வீட்டில் கைக்கெட்டிய தேங்காய் எண்ணெயைப் பூசினேன். தோல் மென்மையாயிற்று, ஆனால் கார்த்திகை மழையில் அந்த எண்ணெயின் மேலேயே பச்சைப் பூஞ்சணம் படர்ந்தது, கணுக்காற் பகுதியும் தன் உறுதியை இழந்து தொய்ந்தது. இப்போது தேன்மெழுகு கலந்த தோற்பூச்சை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மிக மெல்லியதாக மட்டும் பூசுகிறேன்.

இத்தனையும் செய்தாலும் அடி தேயும், நூல் அறும். நீடித்து நிற்கும் சப்பாத்து என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் நான் கொடுக்கும் பொருள், இங்கேயே திருத்தக்கூடிய சப்பாத்து என்பதே. கொக்கி உடைந்தால் இத்தாலியிலிருந்து வர மாதக்கணக்காகும், ஆகவே திருகால் பூட்டிய, தனியாகக் கழற்றக்கூடிய கொக்கி உள்ளதை எடுத்தேன், இரண்டு மேலதிகக் கொக்கிகளையும் அப்போதே வாங்கச் சொன்னேன். ஆணியால் அறைந்த கொக்கி உடைந்தால் தோலையும் கிழித்துக்கொண்டு போகும். அடிக்கு, நகரத்தில் நெடுங்காலமாகச் சப்பாத்துத் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் சப்பாத்தை வாங்கி, மடித்து, ஓரத் தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். "தம்பி, இந்தத் தோல் இன்னும் கனகாலம் நிக்கும். அடியைத்தான் பாக்கவேணும். கார் ரயர் போடட்டே?" என்று கேட்டார். ரயர்ச் செருப்பு காலங்காலமாக உழைத்த ஊர் என்பதால் நானும் சம்மதித்தேன். அது தேயவேயில்லை. ஆனால் உள்ளே நூற்படை இருந்ததால் விறைத்து நின்றது, ஈரக் கால்மிதியில் வழுக்கியது. இரண்டு கிழமையில் மீண்டும் அவரிடம் போய், "ஐயா, இது உழைப்பு, ஆனா எனக்குப் பிடிப்பு வேணும்" என்றேன். அவர் முகம் சுளிக்காமல் பிரித்தார். எனக்கு வேண்டிய மென்மையைக் காட்டுவதற்கு, அறுந்த பழைய அடியின் துண்டொன்றை அவர் கையில் கொடுத்தேன். அதை நசுக்கிப் பார்த்து, அதே மென்மையுள்ள இறப்பர்த் தகட்டைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, மெழுகு பூசிய நைலோன் நூலால் கையால் சுற்றித் தைத்தார். பருத்தி நூல் எங்கள் ஈரத்தில் உக்கிவிடும் என்று அவரே சொன்னார். கட்டை வெட்டிய அடி கிடைக்காததால், தட்டையான தகட்டில் குறுக்கும் நெடுக்கும் தவாளிப்புகளைக் கத்தியால் அவரே வெட்டித் தந்தார். தொழிற்சாலை அடியின் பிடிப்பில் முக்காற்பங்கு அதில் கிடைக்கிறது. அந்தக் கைவேலைக்கு நான் வைத்திருக்கும் மதிப்பு பெரிது.

மார்கழியில் நான் திருப்பிப் பார்த்தது அவர் தைத்த அந்த அடியைத்தான். இந்த ஆண்டு முன்பாதத்துக்குக் குறுக்கே மட்டும் ஒரு தனித் துண்டு பதித்து, அது தேயும்போது அதை மட்டும் மாற்றலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். துண்டின் விளிம்பு கால்மிதியில் தடக்காதபடி சீவி ஒட்ட முடியும் என்கிறார்.

பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் இப்போது எங்களோடு வரத் தொடங்கியிருக்கிறான். வயது 16, கால் இன்னும் வளர்கிறது. அவனுக்கு விலைகூடிய சப்பாத்து வாங்க வேண்டாம் என்று அவன் தகப்பனாரிடம் சொன்னேன். கணுக்காலை மூடும் உயரமான, உருக்குக் கவசமில்லாத தோற் சப்பாத்தும், அதற்கு மேல் உதைபந்தாட்டக்காரர் கட்டும் முன்னெலும்புக் கவசமும், கணு எலும்புக்கு ஒரு மெத்தைப் பட்டியும் இந்த ஆண்டுக்குப் போதும், அவன் ஏறும் கற்களும் முழங்கால் உயரத்துக்கு மேல் இல்லை. ஆனாலும் அவனைச் சுவரோடு நிறுத்தி, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பாதத்தை வரைந்து திகதி எழுதி வைத்திருக்கிறேன். தை மாதத்தில் 25.1 சென்ரிமீற்றர். ஆடியில் மீண்டும் வரைவோம்.